இரண்டரை லட்சம் டாலர் காட்டினால் இரண்டாயிரம் டாலர்

அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்து நாலு காசு சேர்த்த யாருக்கும் இந்தக் கடிதம் ஒரு நாள் வந்துவிடும். தடித்த தாள், பளபளக்கும் எழுத்து. எங்கள் வங்கியில் புதுக் கணக்கு தொடங்குங்கள்; ஒன்றரை லட்சம் டாலர் கொண்டுவந்தால் 1,000 டாலர் போனஸ், இரண்டரை லட்சத்துக்கு 2,000, ஐந்து லட்சத்துக்கு 3,000. எங்களுக்கு அது 2024 கோடையில் வந்தது. வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "ரெண்டாயிரம் டாலர் சும்மா தர்றான், வாங்கிக்கறதுல நமக்கென்ன நஷ்டம்?" என்றார். வீட்டு வரவு செலவு பார்ப்பது நான். நஷ்டம் உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடைசியில் அந்தக் கணக்கைத் தொடங்கினோம், போனஸும் வந்தது. ஆனால் அவர் முதலில் நினைத்த வழியில் போயிருந்தால் கையிலிருந்த காசைத்தான் இழந்திருப்போம்.

அவர் நினைத்த வழி இதுதான். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்திருந்த ரொக்கம் பங்கு வாங்கி விற்கும் ஒரு புரோக்கரேஜ் கணக்கில், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போட்டு வட்டி தரும் மணி மார்க்கெட் ஃபண்டில் இருந்தது. அதை எடுத்துப் புது வங்கியின் செக்கிங் கணக்கில், அதாவது அன்றாட வரவு செலவுக்கான கணக்கில் போட்டு, கடிதத்தின் முன்பக்கம் சொன்ன 90 நாள் தொடாமல் வைத்திருந்து, போனஸை வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்பது யோசனை. அந்தச் சமயத்தில் ஃபண்ட் 5 சதவீதத்துக்குச் சற்று மேலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. கணக்குக்கு வெறும் 5 என்றே வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் டாலருக்கு 90 நாளில் 3,082 டாலர் வட்டி. புது வங்கியின் செக்கிங் கணக்கில் வட்டி 0.01 சதவீதம், அது ஒரு காப்பிச் செலவுக்குத்தான் காணும். ஆக 3,082 டாலரை விட்டுவிட்டு 2,000 டாலரை வாங்கப் போகிறோம். ஒன்றரை லட்சம் என்றால் 1,849-ஐ விட்டு 1,000. ஐந்து லட்சம் என்றால் 6,164-ஐ விட்டு 3,000. எந்தப் படியில் ஏறினாலும் சறுக்கல்தான்.

இதையே திருப்பிப் போட்டால் வேறொரு எண் கிடைக்கும். இரண்டரை லட்சத்துக்கு 2,000 என்பது 0.8 சதவீதம். அது 90 நாளுக்கு. வருடத்துக்கு மாற்றினால் சுமார் 3.24 சதவீதம். உங்கள் ரொக்கம் இப்போது இருக்கும் இடத்தில் அதைவிடக் குறைவாகச் சம்பாதித்தால் போனஸ் லாபம். அதிகமாகச் சம்பாதித்தால் நஷ்டம். 2021-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்த காலத்தில் இதே 2,000 டாலர் அருமையான பேரம். பணம் எங்கே கிடந்தாலும் ஒன்றும் தராதபோது இழக்க என்ன இருக்கிறது? 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போனஸ் தொகை பெரிதாக மாறவில்லை, அதன் மதிப்புதான் மாறிப்போயிற்று. பிறகு 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்தார்கள். ஆகவே யாரோ போன வருடம் போட்ட கணக்கை நம்பாமல், இன்றைய வட்டியைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சமாச்சாரம், அந்த மூன்று படிகளும் ஒரே விகிதத்தில் இல்லை. முதல் ஒன்றரை லட்சத்துக்கு 1,000 டாலர், அதாவது 0.67 சதவீதம். அதற்கு மேல் ஒரு லட்சம் போட்டால் இன்னொரு 1,000. அந்த லட்சத்துக்கு முழுசாக ஒரு சதவீதம். அதற்கும் மேல் இரண்டரை லட்சம் கொண்டுவந்தால் கிடைப்பதும் அதே 1,000தான், வெறும் 0.4 சதவீதம். ஐந்து லட்சம் இருப்பவர்கள்கூட நடுப்படியில் நின்றுவிட்டு மிச்சத்தை வேறெங்காவது வைப்பதே மேல். கடிதத்தில் 3,000 என்ற எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கி ஏன் இப்படிக் கொடுக்கிறது என்பது புரிந்தால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். வட்டி ஏறியபோது மக்கள் செக்கிங், சேவிங்ஸ் கணக்குகளிலிருந்து எடுத்து மணி மார்க்கெட் ஃபண்டுகளிலும், அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான டி-பில்களிலும் போட ஆரம்பித்தார்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தது, மே முதல் தேதி ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் போயிற்று. பெரிய தொகை வைத்திருப்பவர்கள் எவ்வளவு சீக்கிரம் எழுந்து போய்விடுவார்கள் என்று எல்லா வங்கிகளும் பார்த்தன. அப்படிப்பட்டவர்களைப் பிடித்து உள்ளே உட்கார வைக்கும் செலவுதான் இந்தப் போனஸ். ஆடித் தள்ளுபடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தள்ளுபடி நிஜம்தான், ஆனால் கடைக்காரரின் கண் நீங்கள் உள்ளே வந்த பிறகு வாங்கப்போகும் மற்றதன் மேல்.

சரி, எங்களுக்கு எது வழி திறந்தது என்றால், கடிதத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்து. "புதிய பணம்" என்பதற்கு அவர்கள் கொடுத்திருந்த விளக்கத்தில் ரொக்கம் மட்டுமல்ல, அதே வங்கியின் புரோக்கரேஜ் பிரிவுக்கு மாற்றும் பங்குகளும் ஈடிஎஃப்களும் (பல பங்குகளை ஒன்றாகக் கட்டி, ஒரு பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டுகள்) சேர்த்தி என்றிருந்தது. ரொக்கத்தை நகர்த்தினால்தான் வட்டி போகும். பங்கு அப்படியில்லை. ஒரு இண்டெக்ஸ் ஈடிஎஃப் இந்தக் கணக்கில் இருந்தாலும் அந்தக் கணக்கில் இருந்தாலும் அதே ஈடிஎஃப், ஏறினால் அதே ஏற்றம், டிவிடெண்டும் அதே. விற்காமல் அப்படியே மாற்றுவதால் மூலதன ஆதாய வரியும் கிடையாது. பல வருடமாகச் சேர்ந்த ஈடிஎஃப் எங்களிடம் அந்தத் தொகைக்கு இருந்தது. ஆகவே முன்பண ரொக்கத்தைத் தொடவே இல்லை, பங்குகளை அனுப்பினோம்.

ரொக்கம் மட்டுமே இருப்பவர்களுக்கும் ஒரு சந்து உண்டு, விதி இடம் கொடுத்தால். பணத்தைப் புது வங்கியின் புரோக்கரேஜ் கணக்கில் போட்டு, வந்த அன்றே 13 வாரத்து டி-பில் வாங்கிவிடலாம். இருப்பிலும் சேரும், வட்டியும் ஓடும். டி-பில் வட்டிக்கு மாநில வருமான வரி இல்லை என்பது எங்களைப் போல கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. டெக்சாஸ்காரர்களுக்கு அங்கே மாநில வருமான வரியே இல்லை என்பதால் இதில் வித்தியாசம் கிடையாது. வாங்காமல் சும்மா விட்டால் அந்தப் பணம் 0.01 சதவீதம் மட்டுமே தரும் மூலையில் உட்கார்ந்துவிடும். தானாக மணி மார்க்கெட் ஃபண்டுக்குப் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள். பொதுமக்களுக்கான பெரிய புரோக்கரேஜ் நிறுவனங்கள் சிலவற்றில் அந்த வசதி பழகிப்போயிருக்கும், வங்கியின் புரோக்கரேஜில் பெரும்பாலும் அப்படி இருக்காது.

பொடி எழுத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட இன்னொரு இடம் நாள் கணக்கு. "90 நாள் வைத்திருக்க வேண்டும்" என்று முன்பக்கத்தில் இருந்தது. பின்பக்கத்தில், பதிவு செய்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும்; எந்தப் படி என்பது 45-ஆம் நாள் இருப்பை வைத்து முடிவாகும்; அதற்குப் பிறகுதான் 90 நாள் தொடங்கும் என்று இருந்தது. ஆர்வக்கோளாறில் முதல் நாளே பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டவருக்கு அது 135 நாள். ரொக்கமாக இருந்தால் 5 சதவீதக் கணக்கில் 4,623 டாலர் வட்டி கைவிட்டுப்போயிருக்கும், 2,000 டாலருக்காக. கிளையில் இருந்த அம்மாளிடம் கேட்டபோது, பணம் வந்த நாளிலிருந்தே 90 நாள் என்றுதான் சொன்னார், அதுவும் ரொம்ப நம்பிக்கையாக. நான் வங்கியின் இணையதளத்துக்குள் போய் மெசேஜ் பகுதியில் கேள்வியை எழுதிப் போட்டேன்: எந்தத் தேதிக்குள் வர வேண்டும், எந்தத் தேதிவரை இருக்க வேண்டும், சந்தை இறங்கி மதிப்பு குறைந்தால் போனஸ் போகுமா. இரண்டு நாளில் தேதியோடு பதில் வந்தது, கடிதத்தின் பின்பக்கம் சொன்னதுதான் சரி என்று. சந்தையால் குறைந்தால் பரவாயில்லை, நாமாக எடுத்தால்தான் போகும் என்றும் இருந்தது. வாய்ச்சொல்லை நம்பி இவ்வளவு பெரிய தொகையை நகர்த்தக் கூடாது. எழுத்தில் வாங்கி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தை இறக்கம் பற்றிய விதி வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படியும் நாங்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு பத்தாயிரம் சேர்த்தே அனுப்பினோம். 45-ஆம் நாள் காலையில் சந்தை சரிந்து 2,49,000 என்று நின்றால் யாரோடு போய் வாதாடுவது?

பங்கு மாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தடுக்குவது இங்கேதான். இதற்கு ஏகேட்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பத்தைப் புது இடத்தில்தான் கொடுக்க வேண்டும், பழைய இடத்தில் இல்லை. அவர்கள் போய் இழுத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் போல ஆகும், அதற்குள் அந்தப் பங்குகளை விற்க முடியாது. கணக்கின் பெயரும் வகையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பழைய கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. புது வங்கியில் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் புரோக்கரேஜ் தொடங்கப் பார்த்தார்கள், அதுதான் சுலபமாம். அப்படித் தொடங்கியிருந்தால் மாற்றம் திரும்பி வந்திருக்கும், 45 நாளில் பாதி அதிலேயே போயிருக்கும். பெயரில் இனிஷியல், அப்பா பெயர், கடைசிப் பெயர் என்று நம்மவர்களுக்கு இருக்கும் குழப்பம் தெரியும்தானே. பழைய ஸ்டேட்மெண்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே புதிதிலும் போடச் சொல்லுங்கள்.

முழுப் பங்குகள்தான் மாறும். டிவிடெண்டைத் திரும்பப் போட்டு வந்ததில் சேர்ந்த அரை, கால் பங்குகள் விற்கப்பட்டு ரொக்கமாக வரும். அதற்கு மட்டும் சின்ன அளவில் ஆதாய வரி உண்டு. ஒரு புரோக்கர் தானே நடத்தும் சில மியூச்சுவல் ஃபண்டுகள் வேறு இடத்துக்கு மாறவே மாறாது. அவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முழுக் கணக்கையும் மாற்றாமல், எந்தப் பங்கு எத்தனை என்று எழுதிப் பகுதி மாற்றமாகக் கேட்கலாம். நாங்கள் அப்படித்தான் ஈடிஎஃப் மட்டும் கேட்டோம். வாங்கிய விலை விவரம் பங்குகளோடு அன்றே வராது. பழைய புரோக்கர் அதை அனுப்ப விதிப்படி 15 நாள் அவகாசம் உண்டு; அதுவரை புதுத் திரையில் அந்த இடம் காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் மாற்றுவதற்கு முன் பழைய இடத்திலிருந்து எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கியது என்ற முழுப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. டிவிடெண்டைத் திரும்பப் போடும் அமைப்பு மட்டும் புதுக் கணக்கில் அணைந்து கிடந்தது. பழைய புரோக்கர் வெளியேற்றக் கட்டணம் என்று 75 டாலர் பிடித்தார். ஸ்டேட்மெண்டைக் காட்டிக் கேட்டதும் புது வங்கி அதைத் திருப்பிக் கொடுத்தது. கேட்காமல் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கணக்கு தொடங்கிய வாரத்திலேயே ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் அழைத்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார், பிள்ளைகள் படிப்பையெல்லாம் விசாரித்தார். இரண்டாவது அழைப்பில் விஷயத்துக்கு வந்தார்: இந்த ஈடிஎஃப்களை எங்கள் நிபுணர்கள் கவனிக்கும் போர்ட்ஃபோலியோவுக்கு மாற்றிக்கொள்ளுங்களேன், கட்டணம் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்தத் "தான்"-ஐக் கணக்குப் போட்டால், இரண்டரை லட்சத்தில் ஒரு சதவீதம் 2,500 டாலர், ஒவ்வொரு வருடமும். அவர்கள் ஒரு முறை கொடுக்கும் 2,000-ஐ முதல் வருடத்திலேயே திருப்பி எடுத்துக்கொண்டு மேலே 500 லாபமும் பார்ப்பார்கள். அது மட்டுமா, பழைய ஈடிஎஃப்பை விற்று அவர்கள் பட்டியலுக்கு மாறினால் இத்தனை வருட ஆதாயத்துக்கும் ஒரே மூச்சில் வரி கட்ட வேண்டும். வேண்டாம் சார், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்தார், பாவம், அவருக்கும் இலக்கு இருக்கும். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக் கூசுகிறவர்கள் இந்தப் போனஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வரியை மறந்துவிட்டு 2,000 என்று பேசுவதும் சரியில்லை. கிரெடிட் கார்டு போனஸ் போல இதை அரசு தள்ளுபடியாகப் பார்ப்பதில்லை. வட்டி வருமானமாகவே பார்க்கிறது. வங்கி அனுப்பும் 1099-ஐஎன்டி என்ற வட்டி வருமானப் படிவத்தில் வந்து நிற்கும். எங்களுக்கு ஃபெடரல் 24 சதவீதம், கலிஃபோர்னியா 9.3 சதவீதம். 480-ம் 186-ம் போகக் கையில் மிஞ்சியது 1,334. தம்பதியின் வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் முதலீட்டு வருமானத்தின் மேல் இன்னொரு 3.8 சதவீதமும் விழலாம். போனஸ் எந்த வருடம் கைக்கு வருகிறதோ அந்த வருடத்து வரி. எங்களுக்கு ஜனவரியில் வந்ததால் அடுத்த வருடக் கணக்குக்குப் போயிற்று.

பாதுகாப்பைப் பற்றி ஊரிலிருந்து அப்பாதான் முதலில் கேட்டார். இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு, 2020-க்கு முன் அதுவும் ஒரு லட்சம்தான் என்ற நினைப்பில் அவருக்குக் கவலை. இங்கே எஃப்.டி.ஐ.சி. என்ற அரசு அமைப்பின் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, ஒரு வகைக் கணக்குக்கு, 2,50,000 டாலர் வரை. இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு என்றால் ஐந்து லட்சம் வரை. அந்த மூன்றாவது படிக்குத் தனி ஒருவர் ஐந்து லட்சத்தையும் ரொக்கமாகத் தன் பெயரில் போட்டால் பாதிக்குக் காப்பீடு இல்லை. சிலிக்கான் வேலி வங்கி விஷயத்தில் அரசு வரம்பைத் தாண்டிய பணத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது உண்மைதான். அடுத்த முறையும் அப்படியே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பங்குகளுக்கு எஃப்.டி.ஐ.சி. கிடையாது. புரோக்கர் நொடித்துப்போய்ப் பங்குகள் காணாமல் போனால் எஸ்.ஐ.பி.சி. என்ற அமைப்பு ஐந்து லட்சம் டாலர் வரை ஈடு செய்யும், அதில் ரொக்கத்துக்கு இரண்டரை லட்சம். சந்தை விழுந்து மதிப்பு குறைந்ததற்கு யாரும் ஈடு தர மாட்டார்கள்.

போனஸ் வந்த மறுநாளே கணக்கை மூடிவிடலாம் என்று வீட்டுக்காரர் கிளம்பினார். ஆறு மாதத்துக்குள் மூடினால் போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று அதே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். இருப்பு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் மாதம் 35 டாலர் கட்டணம் வேறு. ஆறு மாதம் தாண்டிய பிறகு கணக்கை மூடவில்லை. கட்டணமில்லாத சாதாரண வகைக்கு மாற்றச் சொன்னோம். பங்குகள் அங்கேயே இருக்கின்றன. இன்னொரு வங்கி கூப்பிட்டால் அப்போது நகர்த்திக்கொள்ளலாம். அடிக்கடி புதுக் கணக்குக்கு விண்ணப்பிக்கிறவர்களின் வரலாறு செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற அமைப்பில் பதிவாகும், அதைப் பார்த்து அடுத்த வங்கி மறுக்கலாம். உங்கள் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு.

சமீபத்தில் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் இதேபோல ஒரு கடிதத்தோடு வந்தார். ஊரில் மனை விற்ற பணம் வர வேண்டியிருந்தது, அது வந்ததும் போட்டுவிடலாம் என்று கணக்கு. என்ஆர்ஓ கணக்கிலிருந்து, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கிலிருந்து, வெளியே அனுப்ப ஆடிட்டர் சான்றிதழ், வரிப் படிவங்கள் எல்லாம் முடிய எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் கடிதமோ 30 நாள் கெடு வைத்திருந்தது. அதோடு அந்த வங்கி செக்கிங், சேவிங்ஸ் இருப்பை மட்டுமே கணக்கில் எடுக்கும், புரோக்கரேஜ் சேராது. அவர் கேட்டார், "அப்ப வேணாம்னு சொல்றீங்களா அண்ணி?" வேண்டாம் என்றேன். பணம் வந்ததும் டி-பில் வாங்கிக்கொள்ளுங்கள், பங்கைச் சேர்த்துக்கொள்ளும் வங்கி எதுவும் கடிதம் போட்டால் அப்போது எடுத்துக்கொண்டு வாருங்கள், பின்பக்கத்தைச் சேர்ந்து படிப்போம் என்றேன்.